ஐந்து நிமிட மருந்து

ஜூன் 14, வெள்ளி

இந்த நோட்டு எங்கள் கடையிலிருந்து வந்தது. அப்பா நாகபூஷணத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நோட்டுப் புத்தகக் கடை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் கடவுளே வந்து நின்றாலும் "கோடு போட்டதா, போடாததா?" என்றுதான் கேட்பார். அப்படிப்பட்டவர் இன்று கடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் கேட்காமலே ஒரு நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நான் நிஜமாகவே சாகப் பார்த்தேனோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் லாஸ்யா. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. வீட்டில் பேசுவது எங்கள் ஆரிய வைசியச் செட்டியார் வீட்டுத் தெலுங்கு. அதை எனக்கு எழுதத் தெரியாது. ஆகவே இந்த நோட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். அதனால் அப்பா கொஞ்சம் மரியாதையானவராகத் தெரியக்கூடும். ஏமாற வேண்டாம்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றுவலி. மார்ச் மாதம் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாளும் எனக்கு இதே இடத்தில் வலி வந்ததை அம்மா மறக்கவில்லை.

"வலிக்குதா? எங்க, இன்னொரு தடவை நல்லா முனகிக் காட்டு" என்றாள்.

மத்தியானம் வாந்தி எடுத்த பிறகுதான் நம்பினாள். வாந்தியை நடிக்க முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

குடல்வால் வீங்கியிருந்ததாம். சாயங்காலமே ஆபரேஷன். வீட்டில் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வாலை வெட்டிவிட்டார்கள், இன்னொன்று பத்திரமாக இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து முதலில் என் காது மட்டும் விழித்தது. "கண்ணைத் திறம்மா" என்று யாரோ சொன்னார்கள். திறந்தேன். அதாவது, திறக்கச் சொன்னேன். இமை கேட்கவில்லை. கையிடம் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. தொண்டையில் ஒரு குழாய். மூச்சை நான் விடவில்லை, ஏதோ மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவைக் கூட்டி வந்தார்கள்.

"லாஸ்யா, போதும்டி விளையாட்டு. எல்லாரும் பயப்படறாங்க பாரு." பிறகு நர்ஸிடம்: "இவ இப்படித்தாங்க சிஸ்டர். செத்த மாதிரியே கிடப்பா. நாம அழ ஆரம்பிச்சதும் எந்திரிச்சு சிரிப்பா."

என் நடிப்புக்கு இவ்வளவு பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. எழுந்து வணக்கம் சொல்லத்தான் முடியவில்லை.

அப்புறம் இன்னொரு பெண் குரல். என் மணிக்கட்டில் ஏதோ வைத்து மின்சாரம் சுண்டிவிட்டது. "நடிப்பு இல்லைங்க. விரல் துள்ளவே இல்லை பாருங்க" என்றது அந்தக் குரல். பிறகு என் காதருகில் வந்து, "லாஸ்யா, உனக்குக் கேட்குதுன்னா பயப்படாதே. ஒரு மருந்து இன்னும் இறங்கலை. இறங்கற வரைக்கும் தூங்க வெக்கறேன்" என்றது.

ஆறு மணி நேரம் கழித்து எழுந்தேனாம்.

பயமா? சேச்சே. கொஞ்சம் போரடித்தது. அவ்வளவுதான்.

ஜூன் 15, சனி

அந்தக் குரலுக்கு முகம் கிடைத்தது. டாக்டர் பெனடிக்டா, மயக்க மருந்து டாக்டர். வந்ததும் அப்பாவிடம் ஒரே கேள்வி.

"நீங்க என்ன ஆளுங்க?"

அப்பா நிமிர்ந்தார். "எதுக்கு டாக்டர்?"

"சாதி பார்க்கலைங்க, ரத்தம் பார்க்கறேன்."

"வைசியச் செட்டியார்."

"நினைச்சேன்" என்றார் டாக்டர். பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அப்பா இரண்டையும் கலந்து ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பரீட்சைக்கு வந்தாலும் வரும். "தொண்டையில குழாய் விடறதுக்கு முன்னாடி தசையெல்லாம் தளர ஒரு மருந்து போடுவோம். அஞ்சு நிமிஷத்துல தானாப் போயிடும். எப்படிப் போகுது? ரத்தத்துல பிளாஸ்மான்னு மஞ்சளா ஒரு தண்ணி இருக்கில்ல, அதுல ஒரு புரதம் சுத்திக்கிட்டிருக்கும். கல்லீரல் செஞ்சு அனுப்பறது. மருந்தைக் கண்ட இடத்துல வெட்டிப் போட்டுடும். உனக்கு அந்த வெட்டற ஆள் இல்லை. அதான் அஞ்சு நிமிஷம் ஆறு மணி நேரம் ஆயிடுச்சு. ரத்தம் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை."

அந்த ஆளின் பெயர் சூடோகோலினெஸ்டரேஸ். சூடோ என்றால் போலி. என் உடம்பில் போலி இல்லை என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார்.

"இது என்ன நோய் டாக்டர்?" அம்மா கேட்டாள்.

"நோயே இல்லைங்க. சாப்பிடலாம், ஓடலாம், நூறு வயசு இருக்கலாம். இந்த மருந்து பக்கம் மட்டும் போகக் கூடாது. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டு ஜீனும் பழுதா வந்தாத்தான் இப்படி ஆகும். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கறதால உங்க ஆளுங்ககிட்ட இதைக் கொஞ்சம் அதிகமாப் பார்க்கறோம். வேற குழந்தைங்க இருக்காங்களா?"

"பெரியவ மேகனா. ஈரோட்டுல கட்டிக் குடுத்திருக்கோம். எட்டாவது மாசம்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. "அவங்களுக்கும் இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. உடனே பார்த்துடுங்க. பிரசவத்துல அவசரம்னா முதல்ல கைக்கு வர்றது இந்த மருந்துதான். முன்னாடியே தெரிஞ்சா வேற மருந்து போட்டுக்கலாம். தெரியாம, வழக்கம்போல அஞ்சு நிமிஷம்னு நினைச்சுக் குழாயை எடுத்துட்டாங்கன்னா அவங்களால மூச்சு விட முடியாது."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. நடிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் எழுந்ததும் கைவிரல் பத்து, கால்விரல் பத்து, எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். சும்மாதான்.

ஜூன் 19, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டு ஒரு சட்டம் போட்டார்: ஈரோட்டுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது.

எங்கள் குடும்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பாவின் தங்கை சரளா அத்தையை அம்மாவின் அண்ணன் ரங்கநாத் மாமாவுக்குக் கொடுத்து, அம்மாவை அப்பா எடுத்துக்கொண்டார். ஒரே நாள், ஒரே பந்தல், ஒரே பாயசம். அந்த அத்தையின் மூத்த மகன் கௌதம் அத்தானுக்குத்தான் மேகனா அக்காவைக் கொடுத்திருக்கிறது. இளையவன் ரோஹித்தை எனக்காக ரயில் சீட் மாதிரி ரிசர்வ் செய்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. ரோஹித் பேசும்போது பல் குத்துவான்.

"குழந்தை நல்லபடியாப் பிறக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

"அப்புறம் சொல்றதுக்கு எதுக்குப்பா சொல்லணும்?"

"ரத்தத்துல குறைன்னு ஒரு பேச்சு எழுந்தா அவ அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடப்பாளா? உன்னைத்தான் ரோஹித்துக்குக் கேட்பாங்களா?"

"கேட்க மாட்டாங்களா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா!"

"வாயை மூடு."

"அத்தை உங்க கூடப் பிறந்தவங்கதானே?"

"தங்கச்சி வேற, சம்பந்தி வேற."

"ரெண்டும் ஒரே ஆள்தானே?"

"அதான்டி கஷ்டம்" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

அம்மா போர்வையைக் காலோடு சேர்த்து இறுக்கிப் போர்த்திவிட வந்தாள். வேண்டாம் என்றேன். வெக்கை.

ஜூன் 23, ஞாயிறு

ரிசல்ட் வந்தது. இருக்க வேண்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட என்னிடம் இல்லை. கணக்கில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

அக்கா வீடியோவில் வந்தாள். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருக்கிறதாம். அலையக் கூடாது, பிரசவம் ஈரோட்டிலேயே, அநேகமாக ஆபரேஷன்தான் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். பிறக்கும் முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது, கடையில் கல்லாவுக்கு ஆள் தயார் என்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பா செல்போனுக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 26, புதன்

சட்டத்தை மீறினேன். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பி, டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதினேன். பதில் வந்தது:

"எடிட்டிங் சூப்பர். சீல் கூட நிஜ சீல் மாதிரியே இருக்கு. வயித்துல குழந்தை இருக்கறவகிட்ட விளையாடற விளையாட்டாடி இது?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், தேர்தல் வேலைக்காக மண்டபத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு அரசாங்கக் கடிதம் தயாரித்து வீட்டு வாசலில் போட்டேன். கோபுர முத்திரை எல்லாம் வைத்து. அக்கா அரை மணி நேரம் அழுதாள். அன்று எனக்கு அப்படி என்ன சிரிப்பு வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஜூன் 27, வியாழன்

அக்கா அப்பாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. அவளைத் தெரியாதா உனக்கு? சும்மா விளையாடறா" என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். மழை வந்தது. நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

தையல் பார்க்க டாக்டர் பெனடிக்டா இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போனோம். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அக்காவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றார். அம்மா தன் செருப்பைப் பார்த்தாள். டாக்டர் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்.

"இதை ஈரோட்டுல மயக்க மருந்து டாக்டர் கையில குடுங்க. டெஸ்ட் எடுக்காட்டிகூட இது போதும், அவங்க புரிஞ்சுக்குவாங்க. ஒரு காகிதம்தாங்க."

அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் அப்பா கேட்டார். "தையல் ஆறிடுச்சாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் பொய் சொல்பவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஈரோடு. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று இன்று அத்தை வீட்டிலேயே அக்காவுக்கு வளைகாப்பு.

என் திட்டம் எளிமையானது. எல்லாரும் வளையல் போட வரிசையில் நிற்கும்போது நடுக்கூடத்தில் நான் செத்து விழ வேண்டும். கூட்டம் அலறி, அழுது, தண்ணீர் தெளிக்கும்போது கண்ணைத் திறந்து, "இப்ப பயந்தீங்களே, அக்காவுக்கு இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைப்பது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

ஒத்திகை பார்க்க மாடி அறைக்குப் போனேன். தரையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கை கால்களைத் தளர விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை. கை கால் தானாக உதற ஆரம்பித்தது. தரை சில்லென்று இருந்தது, அதனால்தான். மறுபடி முயன்றேன். இந்த முறை நாலு.

கதவு திறந்தது. வளையல் பெட்டி எடுக்க வந்த சரளா அத்தை.

"ஏன்டி தரையில கிடக்கறே? பட்டுப்பாவாடை கசங்காதா?"

"ஒத்திகை அத்தை."

"எதுக்கு?"

"சாகறதுக்கு."

வழக்கமாக இதற்கு ஒரு குட்டு விழும். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குட்டாமல் நின்றாள். எப்படியோ என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஜோக் எதுவும் சேர்க்கவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு எனக்கு முழிப்பு வந்துடுச்சு அத்தை. எல்லாம் கேட்டுச்சு. ஆனா கை கால் ஆடலை. கண்ணு திறக்கலை."

இதையும் விளையாட்டு என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அத்தை மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு என்னடி கேட்டுச்சு?"

"நான் நடிக்கறேன்னு அம்மா சொன்னது."

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ரெண்டு நர்ஸ் பேசிக்கிட்டது கேட்டுச்சு. முருங்கைக்காயை சாம்பார்ல முதல்லயே போடணுமா, கடைசியில போடணுமான்னு. பதினோரு வருஷம் ஆச்சு. பித்தப்பைக் கல்லு ஆபரேஷன். இங்க நான் உள்ளுக்குள்ள கத்திக்கிட்டிருக்கேன், அவளுங்க முருங்கைக்காய்லயே நிக்கறாளுங்க."

அத்தைக்கு முருங்கைக்காய் ஆகாது, உடம்பு சூடு என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லலை?"

"மாமாதான் வேணாம்னுட்டாரு. கௌதமுக்கு மேகனாவைக் கேட்கறதா இருந்தோம். மாமியாருக்கே உடம்புல கோளாறுன்னா எங்கண்ணன் பொண்ணு குடுப்பாரா?"

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் முன்பதிவு சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.

மிச்சத்தையும் சொன்னேன்: என் ரிப்போர்ட், நாலில் ஒரு பங்கு, அவசரத்தில் கைக்கு வரும் மருந்து, அப்பாவின் சட்டம். அத்தை கேட்டுக்கொண்டே எழுந்தாள். வளையல் பெட்டியை என் கையில் கொடுத்தாள். படியில் இறங்கிய வேகத்தில் கொலுசு எனக்கு முன்னால் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பா ரங்கநாத் மாமாவோடு நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சி காபி குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது பேர்.

"அண்ணா, லாஸ்யாவுக்கு ஆபரேஷன்ல என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? நல்லாத் தூங்கினா. சின்னப் பொண்ணுதானே..."

"எனக்கும் அதேதான் ஆச்சு. பித்தப்பை ஆபரேஷன்ல."

அப்பாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. மாமா, "சரளா, இங்க எதுக்கு..." என்று எழுந்தார். அத்தை அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை, பார்த்தாள், அவர் உட்கார்ந்தார்.

"நீ என்கிட்ட மறைச்சே. நான் உன்கிட்ட மறைச்சேன். ஒரு வயித்துல பிறந்தவங்க. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து யார்கிட்ட மறைக்கறோம்? அங்க பூ வெச்சு உட்கார்ந்திருக்காளே, அவகிட்டயா? அவ வயித்துல இருக்கறதுகிட்டயா?"

அப்பா என்னைப் பார்த்தார். "இவ பேச்சைக் கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அம்மா கைப்பையைத் திறந்துவிட்டாள். நாலாக மடித்த கடிதத்தைப் பிரித்து, அப்பாவைத் தாண்டி வந்து, நேராகக் கௌதம் அத்தான் கையில் கொடுத்தாள். முப்பது வருஷத்தில் அப்பா பேசி முடிப்பதற்கு முன் அம்மா ஒரு காரியம் செய்தது இதுவே முதல் முறையாக இருக்கும்.

அக்கா இரண்டு கை நிறைய வளையலோடு, கன்னம் நிறையச் சந்தனத்தோடு என்னைக் கூப்பிட்டாள்.

"நீ அனுப்பினது நிஜமாடி?"

"எடிட் பண்ணத் தெரியும்தான்க்கா. ஆனா எனக்கு நானே இவ்வளவு மட்டமான மார்க் போட்டுக்குவேனா?"

அவள் சிரிக்கவில்லை. என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது. எரிச்சல்.

ஜூலை 8, திங்கள்

அக்காவுக்கு ரத்தம் எடுத்தாயிற்று. ரிசல்ட் வர ஒரு வாரம். கடிதத்தை இங்கே மயக்க மருந்து டாக்டர் வாங்கி, அக்காவின் ஃபைலில் முதல் பக்கமாக வைத்து, மேலே "இந்த மருந்து கூடாது" என்று சிவப்புப் பேனாவால் எழுதினார்.

அத்தைக்கு இரண்டு ஜீனும் பழுது என்றால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கட்டாயம் உண்டு என்று அத்தையிடம் படம் போட்டு விளக்கினேன். ஆகவே ரோஹித்தை நான் கட்டினால் எங்கள் குழந்தைகளில் பாதிப் பேருக்கு என் கதைதான். அத்தை படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீ டாக்டருக்குப் படி" என்றாள். ரிசர்வேஷன் ரத்து. ரோஹித் எனக்குத் தெரியாமல் ஐஸ்கிரீம் வாங்கி வந்து தெருவில் எல்லாருக்கும் கொடுத்தான். அவனுக்கும் அவ்வளவு சந்தோஷமா? அது கொஞ்சம் உறுத்துகிறது.

அப்பா சேலம் போய்விட்டார். என்னிடம் பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி

காலை ஒன்பது மணி. அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் நர்ஸ் பார்த்துவிட்டு ஓடினார். குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டதாம். கொடி நசுங்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது. முதுகில் ஊசி போட்டுக் காத்திருக்க நேரமில்லை, முழு மயக்கம்தான் என்றார்கள். டாக்டர் பெனடிக்டா சொன்ன அதே அவசரம்.

கடிதத்தை வாங்கியவர் இல்லை, வேறு மயக்க மருந்து டாக்டர் ட்யூட்டியில் இருந்தார். ஃபைலோடு வெளியே வந்தார். "இந்த லெட்டர்ல இருக்கறது... பேஷண்ட்டுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் வரலை" என்றார் கௌதம் அத்தான்.

"அப்ப சந்தேகம் மட்டும்தானா? குடும்பத்துல யாருக்கு இருக்கு?"

சேலத்திலிருந்து நேற்றே வந்திருந்த அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அங்கிருந்தே, வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் சின்னப் பொண்ணுக்கு இருக்கு. என் தங்கச்சிக்கு இருக்கு. பெரியவளுக்கும் இருக்குன்னே வெச்சுக்குங்க. அந்த மருந்து வேணாம் டாக்டர்."

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

பெண் குழந்தை. முதலில் அழவில்லை, பிறகு நிறுத்தவில்லை. அக்காவைக் கொண்டுவர இன்னும் அரை மணி ஆகும் என்றார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

தள்ளுவண்டியில் வந்தபோது அக்காவின் கண் திறந்திருந்தது. "தாகமா இருக்குடி" என்றாள். உலகத்திலேயே சாதாரணமான வாக்கியம். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஈரோட்டில் தூசி அதிகம்.

ஜூலை 15, திங்கள்

அக்காவின் ரிசல்ட். அவளுக்கும் அந்தப் புரதம் இல்லை, என்னைவிட ஒரு துளி குறைவு. வாழ்க்கையில் முதல் முறையாக நான் அவளைவிட அதிக மார்க்.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி மூன்று தரம் படித்தார். அவருக்கு அதில் எதுவும் புரியாது, எண் மட்டும்தான் புரியும். அது போதும். எழுந்து போய் மூக்குக்கண்ணாடியையும் அத்தை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை விலாச நோட்டையும் எடுத்து வந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நம்பரும் அதில் இருந்தன. செல்போனில் அவருக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான்.

முதல் போன் கரூருக்கு. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டாவது தர்மபுரி, அப்பாவின் சித்தப்பா மகள். அங்கே ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணா, பக்கத்துல யாரும் இல்லையே?" என்றார்.

நாங்கள் ஆறு பேர் இருந்தோம். "இல்லைம்மா, சொல்லு" என்றார் அப்பா.

"எங்க சின்னவனுக்கு டான்சில் ஆபரேஷன்ல... சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கவே இல்லைண்ணா. டாக்டர் ஏதோ பேர் சொன்னார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"எல்லார்கிட்டயும் சொல்லத்தான்மா உட்கார்ந்திருக்கேன். நீயும் உங்க வீட்டுக்காரர் பக்கம் சொல்லு. இப்பவே சொல்லு."

மூன்றாவது ஓசூர், எங்கள் பெரியம்மா. அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாகு, நெஜத்தைச் சொல்லு. அந்த லாஸ்யா பக்கத்துல இருக்காளா? இது அவ வேலைதானே?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வாரமாகப் பார்க்காத என்னை நேராகப் பார்த்தார்.

"ஆமாக்கா, அவ வேலைதான்" என்றார். "அதனாலதான் மேகனா உயிரோட இருக்கா. பேனா எடுத்துக்குங்க, மருந்து பேரை அவளே சொல்லுவா."

போனை என்னிடம் நீட்டினார்.